மொரிஷியஸில் சிறு நடுப்பாதைக் கட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோஸ் ஹில், கத்ர் போர்ன் பக்கம் கோவில் வாசலிலும் கல்யாண வீடுகளிலும் என்னிடம் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் கேட்டவை. நான் பெரிய கூட்டணி எதிலும் இல்லை. சிறு கட்சிகளுக்காக வாக்குச்சாவடியில் ஏஜெண்டாக உட்கார்ந்தவன். அந்தச் சார்பு என் பதில்களில் தெரியும், தெரியட்டும்.

மொரிஷியஸில் இரண்டே கட்சிகள்தானா?

இல்லை. வேட்புமனு நாளில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் பத்துக் கணக்கில் கட்சிகள் இருக்கும். ஆனால் 1968இல் சுதந்திரம் கிடைத்ததிலிருந்து பிரதமர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் ஐந்தே பேர். சிவசாகர் ராம்கூலம், அவர் மகன் நவீன் ராம்கூலம், அனிருத் ஜக்நாத், அவர் மகன் பிரவீந்த் ஜக்நாத், இடையில் 2003 முதல் 2005 வரை பால் பெரான்ஜே. ராம்கூலம் குடும்பத்தின் கையில் தொழிற்கட்சி, ஜக்நாத் குடும்பத்தின் கையில் எம்எஸ்எம் (மிலிட்டன்ட் சோஷலிஸ்ட் மூவ்மெண்ட்). பெரான்ஜே வளர்த்த எம்எம்எம்மும் துவால் குடும்பத்தின் பிஎம்எஸ்டியும் ஒரு தேர்தலில் இந்தப் பக்கம், அடுத்த தேர்தலில் அந்தப் பக்கம். ஆகவே இங்கே உண்மையில் இருப்பது இரண்டு கூட்டணிகள். கட்சிகளின் சேர்க்கை மாறும். ஆனால் சாவி, சூரியன், இதயம், சேவல் என்ற நான்கு சின்னங்களைத் தாண்டி மக்கள் கண் போவது அபூர்வம்.

"நடுப்பாதை" என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லாக் கட்சியும் நடுவில்தானே நிற்கிறது?

பொருளாதாரக் கொள்கையில் அது சரிதான். இலவசக் கல்வி, இலவச மருத்துவமனை, முதியோர் ஓய்வூதியம், மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் இலவச பஸ் ஆகியவற்றை ஒழிப்பேன் என்று சொல்லி இங்கே எவரும் வாக்குக் கேட்க முடியாது. தனியார் முதலீடு வேண்டாம் என்று சொல்லும் பெரிய கட்சியும் கிடையாது.

நான் சொல்லும் நடுப்பாதை வேறு. பரம்பரைத் தலைமையை ஏற்காத, இன்ன சாதிக்கு இத்தனை, இன்ன மதத்துக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்து டிக்கெட் கொடுக்காத, இரண்டு கூட்டணிகளில் எது நல்லது செய்தாலும் ஆதரித்து, எது தப்புச் செய்தாலும் கேள்வி கேட்கிற கட்சி. அண்மைக் காலத்தில் ரோஷி பாதெய்னின் ரிஃபார்ம் பார்ட்டி, பாட்ரிக் பெல்கூரின் ஆன் அவான் மோரிஸ் போன்றவை தங்களை இந்த இடத்தில் வைத்துக்கொண்டன. 2024இல் இவை முன்னாள் அமைச்சர் நந்தோ போதாவோடு சேர்ந்து லின்யோன் ரிஃபார்ம் என்ற அணியாக நின்றன. ஓர் இடமும் கிடைக்கவில்லை. ரெசிஸ்டான்ஸ் எக் ஆல்டர்னாட்டிவ் இடதுசாரிக் கட்சி; நடுப்பாதைக் கட்சி அல்ல. ஆனாலும் சிறு கட்சி என்ற முறையில் அதன் அனுபவம் முக்கியமானது என்பதால் கீழே அடிக்கடி வரும்.

எனக்கு மூன்று வாக்குகள் என்கிறார்கள். எப்படி?

மொரிஷியஸ் தீவில் 20 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்பினர்கள். ரோட்ரிக்ஸ் தீவு 21ஆவது தொகுதி. அங்கே இரண்டு பேர். மொத்தம் 62. இவர்களைத் தவிர எட்டுப் பேர் வரை பெஸ்ட் லூசர் முறையில் வரலாம். அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

வாக்குச்சீட்டில் மூன்று பெயர்களுக்கு நேரே குறி போட வேண்டும். இரண்டு போட்டால் சீட்டு செல்லாது. நான்கு போட்டாலும் செல்லாது. மூன்றும் ஒரே கட்சிக்குத்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒன்றை இவருக்கு, ஒன்றை அவருக்கு, ஒன்றை வேறொருவருக்கு என்று தாராளமாகப் பிரித்துப் போடலாம். இது தெரியாத இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேடையில் தலைவர்கள் "ப்ளாக் போடுங்கள், மூன்றுக்கு பூஜ்யம் கொடுங்கள்" என்று, அதாவது மூன்று வாக்கையும் ஒரே அணிக்குப் போடுங்கள் என்று, திரும்பத் திரும்பச் சொல்வதால், அதுவே சட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாக்கு எண்ணுவது வாக்குப்பதிவுக்கு மறுநாள், பள்ளிக்கூடங்களில். ஏஜெண்டாக உட்கார்ந்தால் ஒவ்வொரு சீட்டும் கண்ணில் படும். நாற்பது பெயர்கள் கொண்ட நீளமான சீட்டு. பெரும்பாலானவற்றில் ஒரே சின்னத்துக்கு மூன்று குறி. ஆனால் இடையிடையே பிரித்துப் போட்ட சீட்டுகள் வரும். இரண்டு குறி பெரிய கூட்டணிக்கு, மூன்றாவது குறி யாரும் எதிர்பார்க்காத ஒரு பெயருக்கு. அந்தச் சீட்டுகளைப் பார்க்கும்போது, வீட்டிலேயே உட்கார்ந்து யோசித்துவிட்டு வந்த ஒரு மனிதர் இங்கே இருக்கிறார் என்று தெரியும். என் நம்பிக்கை முழுவதும் அந்தச் சீட்டுகள் மேல்தான்.

வாக்கு கிடைத்தும் இடம் கிடைக்காமல் போவது ஏன்?

ஒரு தொகுதியில் ஒரு கூட்டணி கொஞ்சம் முந்தினாலே மூன்று இடத்தையும் அள்ளிக்கொண்டு போகும். அதனால் வாக்குக்கும் இடத்துக்கும் பொருத்தமே இருக்காது. 2000இல் எம்எஸ்எம்–எம்எம்எம் கூட்டணி சுமார் 52 சதவீத வாக்கு வாங்கி 62இல் 54 இடம் பிடித்தது. எதிரணிக்கு சுமார் 36 சதவீதம், கிடைத்ததோ 6 இடம். 2014இல் பாதிக்குச் சற்றுக் குறைவான வாக்கு வாங்கிய அணிக்கு 47 இடம். சுமார் 38 சதவீதம் வாங்கிய தொழிற்கட்சி–எம்எம்எம் அணிக்கு 13. 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பிரதான தீவின் 60 இடங்களும் ஒரே அணிக்குப் போயின.

2019ஐயும் பாருங்கள். அப்போது மூன்று பெரிய அணிகள் தனித்தனியே மோதின. ஆட்சியைப் பிடித்த அணி வாங்கியது சுமார் 37 சதவீதம்தான். அதாவது வாக்களித்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் அந்த அணியை வேண்டாம் என்றவர்கள். அப்படியும் அதற்கு 38 இடம் கிடைத்து அறுதிப் பெரும்பான்மை வந்துவிட்டது. சுமார் 20 சதவீதம் வாங்கிய எம்எம்எம்முக்கு 8.

முப்பது சதவீதம் வாங்குகிற பெரிய கட்சிக்கே இந்த கதி என்றால், ஐந்தோ பத்தோ சதவீதம் வாங்குகிற சிறு கட்சியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் சிறு கட்சிக்குப் போடுகிற வாக்கு வீண்தானே?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தொகுதியில் 100 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் முதல் கூட்டணி, 35 பேர் இரண்டாம் கூட்டணி, 15 பேர் சிறு கட்சி. எல்லோரும் ப்ளாக் போட்டால் முதல் கூட்டணியின் மூன்று பேருக்கும் ஆளுக்கு 50. மூன்று இடமும் அவர்களுக்கே. சிறு கட்சி 15இல் நின்றுவிடும்.

இப்போது முதல் கூட்டணிக்காரர் 50 பேரில் 20 பேர், தங்கள் இரண்டு வாக்கைக் கூட்டணிக்கே கொடுத்துவிட்டு மூன்றாவதைச் சிறு கட்சியின் ஒரு நல்ல வேட்பாளருக்குக் கொடுக்கிறார்கள். இரண்டாம் கூட்டணிக்காரர் 35 பேரில் 15 பேரும் அப்படியே செய்கிறார்கள். அந்த வேட்பாளருக்கு 15 + 20 + 15 = 50. முதல் கூட்டணியின் மூன்றாவது ஆளுக்கு 30தான் மிஞ்சும். சிறு கட்சிக்காரர் சட்டமன்றத்துக்குள் போய்விடுவார். முதல் கூட்டணியின் முதல் இரண்டு பேரும் ஜெயித்தே விடுகிறார்கள். ஆட்சியைத் தீர்மானிக்கும் வாக்காளரின் விருப்பம் பெரிதாகக் கெடவில்லை.

இங்கே சிறு கட்சிகள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்று குறி கட்டாயம் என்பதால், தொகுதியில் ஒரே ஒருவரை மட்டும் நிறுத்தினால் உங்கள் ஆதரவாளர் மீதி இரண்டு வாக்கை உங்கள் எதிரிகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மூன்று பேரை நிறுத்தினாலோ, மூன்றாவது வாக்கை மட்டும் தர நினைக்கிற வெளி ஆதரவாளர் யாருக்குப் போடுவது என்று குழம்பி, வாக்கு மூன்றாகச் சிதறும். என் கருத்தைக் கேட்டால், மூன்று பேரை நிறுத்தி, "மற்றவர்கள் ஒரு வாக்கு மட்டும் தருவதானால் இவருக்குத் தாருங்கள்" என்று ஒரே பெயரை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கட்சிக்குள் மனவருத்தம் வரும் என்று பயந்து இதைச் செய்ய மாட்டார்கள். எண்ணும் நாளில் மூவரும் சேர்ந்து தோற்பார்கள்.

ஆகவே வாக்கு வீணா என்ற கேள்விக்கு என் பதில்: மூன்றையும் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒன்றைக் கொடுங்கள்.

பெஸ்ட் லூசர் முறை சிறு கட்சிகளுக்கு உதவுமா?

மிக அபூர்வமாக. முதலில் முறை என்னவென்று சொல்கிறேன். அரசியலமைப்பின் முதல் அட்டவணை நாட்டு மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரிஷியர், இந்த மூன்றிலும் சேராதவர்கள் அடங்கிய "பொது மக்கள் தொகை" என்று நான்காகப் பிரிக்கிறது. வேட்பாளர் தான் எந்தச் சமூகம் என்று மனுவில் எழுத வேண்டும். தேர்தல் முடிந்ததும், எந்தச் சமூகத்துக்குப் பிரதிநிதித்துவம் குறைந்திருக்கிறதோ அந்தச் சமூகத்தில், தோற்றவர்களுள் அதிக சதவீதம் வாங்கிய கட்சி வேட்பாளருக்கு இடம் தரப்படும். முதல் நான்கு இடங்களில் கட்சி பார்ப்பதில்லை. அடுத்த நான்கும் கட்சிகளின் பலம் மாறிவிடாதபடி பகிரப்படும். சுயேச்சைகளுக்கு இதில் பங்கு இல்லை.

இதற்கு அடிப்படை 1972ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு. அதற்குப் பிறகு சமூகம் என்ன என்ற கேள்வியைக் கணக்கெடுப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு பழைய கணக்கை வைத்து இன்றைக்கும் இடம் பிரிக்கிறோம்.

1995இல் ஒரே அணி அறுபதையும் பிடித்தபோது, கேத்தான் துவால் இந்த வழியில்தான் உள்ளே வந்தார். 2024இல் எதிர்க்கட்சித் தலைவரான ஜோ லெஜோங்கார் வந்ததும் இப்படியே. எதிர்க்குரலே இல்லாத சபையை இந்த முறை தடுத்திருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் பயன் பெரும்பாலும் பெரிய கட்சிகளின் தோற்ற வேட்பாளர்களுக்கே. சிறு கட்சிக்காரர் பத்து சதவீதம் வாங்கியிருப்பார். பெரிய கட்சியில் தோற்றவர் நாற்பது வாங்கியிருப்பார். வரிசையில் யார் முன்னால் நிற்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

சமூகத்தை எழுத மாட்டோம் என்று ரெசிஸ்டான்ஸ் வேட்பாளர்கள் 2005இலிருந்து போராடினார்கள். வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. புதுப்பிக்கப்பட்ட குடிக்கணக்கு இல்லாமல் சமூகத்தை அறிவிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று அந்தக் குழு 2012இல் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகச் சட்டம் போட்டு விலக்குக் கொடுத்தார்கள். 2019இல் பழைய கட்டாயம் திரும்பியது; எழுத மறுத்தவர்களின் மனுக்கள் செல்லாமல் போயின. சட்டமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லாத ஒரு சிறிய கட்சி நாட்டின் அரசியலமைப்பையே உலக மேடைக்கு இழுத்தது. சிறு கட்சியால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தமிழர்கள் எந்தச் சமூகக் கணக்கில் வருகிறார்கள்? நமக்குத் தனிக் கட்சி வேண்டாமா?

மேலே சொன்ன நால்வகையில் தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லோரும் "இந்து" என்பதற்குள் வருகிறார்கள். தமிழர் தனிச் சமூகமாக எண்ணப்பட வேண்டும் என்ற குரல் நெடுநாளாக இருக்கிறது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தனிக் கட்சி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒன்று, கணக்கு. நாம் தீவு முழுவதும் பரந்து வாழ்கிறோம். ஒரு தொகுதியில் கூட்டமாக இருக்கிற மக்களுக்குத்தான் இந்தத் தேர்தல் முறை இடம் தரும்.

இரண்டு, அனுபவம். 1998 ரூபாய் நோட்டு விவகாரம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதுவரை நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்குப் பிறகு இந்தி என்று இருந்த வரிசையைப் புது நோட்டில் மாற்றி, இந்தியைத் தமிழுக்கு முன்னால் போட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பழைய வரிசையே திரும்பி வந்தது. இதைச் சாதித்தது ஒரு தமிழ்க் கட்சி அல்ல. எல்லாக் கட்சிகளிலும் இருந்த தமிழர்களும் சங்கங்களும் கோவில்களும் ஒரே குரலில் பேசியதுதான் காரணம். எல்லாக் கட்சிகளிலும் நாம் இருந்ததே அன்று பலமாயிற்று.

நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன். தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர், கல்வி அமைச்சர். அவர் தமிழருக்கு மட்டும் தலைவராக இருந்திருந்தால் அந்த நோட்டில் வந்திருக்க மாட்டார். ஐந்நூறு ரூபாய் நோட்டில் இருக்கிற சுக்தியோ பிசுந்தயால், இன்டிபென்டன்ட் ஃபார்வர்ட் பிளாக் என்ற சிறு கட்சியை 1958இல் தொடங்கியவர். 1976 தேர்தலில் அந்தக் கட்சி துடைத்தெறியப்பட்டது. ஆனால் கிராமத்து மக்களைத் தாய்மொழி எழுதப் படிக்கக் கற்று வாக்காளராகப் பதிவு செய்ய வைத்த இயக்கத்தில் அவர் குடும்பம் செய்த வேலை நிலைத்துவிட்டது.

கோவில் மேடையில் கட்சித் தலைவர்களுக்கு மாலை போடுகிறார்களே, அது சரியா?

சரியல்ல. தைப்பூசக் காவடி நாளில் பக்தர் அலகு குத்திக்கொண்டு வெயிலில் நடந்து வருகிறார். பந்தலில் முன் வரிசை நாற்காலிகள் அமைச்சருக்காகக் காலியாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவர் வந்ததும் நாதஸ்வரத்தை நிறுத்தி மைக் கொடுக்கிறார்கள். சாமி கும்பிட யார் வேண்டுமானாலும் வரட்டும். எந்தக் கட்சிக்காரரும் வரட்டும். மைக் வேண்டாம். கோவில் நிர்வாகத்தில் இருக்கிற பெரியவர்களிடம் இதை மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்.

சிறு கட்சி பெரிய கூட்டணியில் சேர்வது துரோகமா?

துரோகம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட மாட்டேன். உள்ளே போக வேறு கதவு இல்லாதபோது கூட்டணிதான் கதவு. ஆனால் அதற்கு விலை உண்டு.

தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே ரகசியப் பேச்சுகள் தொடங்கிவிடும். இங்கே அதைக் கோஸ்-கோசே என்பார்கள். யார் யாரோடு சாப்பிட்டார், யார் வீட்டு வாசலில் யார் கார் நின்றது என்பதெல்லாம் பத்திரிகையில் வரும். கடைசியில் பேச்சு டிக்கெட் எண்ணிக்கையில் வந்து நிற்கும். 2024இல் வென்ற மாற்றத்துக்கான கூட்டணியில் தொழிற்கட்சிக்கு 35, எம்எம்எம்முக்கு 19, நூவோ டெமோக்ராட்டுக்கு 3, ரெசிஸ்டான்ஸுக்கு 3. பிஎம்எஸ்டியிலிருந்து பிரிந்து வந்த நூவோ டெமோக்ராட்டும், தெருவில் போராடிப் பழகிய ரெசிஸ்டான்ஸும் ஒரே மேடையில் நின்று வென்றன. ரெசிஸ்டான்ஸின் அசோக் சுப்ரோன் சமூகப் பாதுகாப்பு அமைச்சரானார்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 2025 ஜூன் பட்ஜெட்டில், அடிப்படை ஓய்வூதியம் பெறும் வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்துவதாக அரசு அறிவித்தது. தொழிற்சங்கங்கள் போர்ட் லூயியில் தெருவுக்கு வந்தன. எந்த மக்களோடு இத்தனை வருடம் நின்றார்களோ அந்த மக்களுக்கு, அந்தத் துறையின் அமைச்சராக நின்று பதில் சொல்ல வேண்டிய நிலை ரெசிஸ்டான்ஸுக்கு. அறுபது பேரில் மூன்று பேர் என்றால், முடிவெடுக்கும் பலம் இல்லை. பழியில் மட்டும் பங்கு உண்டு.

பழைய கதைகளும் இருக்கின்றன. ஹரீஷ் பூதுவின் பிஎஸ்எம் என்ற சிறு கட்சி, 1982இல் எம்எம்எம்மோடு சேர்ந்து அறுபதுக்கு அறுபது வென்றது. மறு வருடமே எம்எம்எம் உடைந்து எம்எஸ்எம் பிறந்தது. பிஎஸ்எம் அதற்குள் கரைந்து காணாமல் போனது.

என் நிலை இதுதான். கூட்டணிக்குப் போகிற சிறு கட்சி, எந்தெந்தக் கொள்கைக்காகப் போகிறோம், எது நடக்காவிட்டால் வெளியே வருவோம் என்பதை வாக்குப்பதிவுக்கு முன்பே எழுத்தில் மக்களிடம் வைக்க வேண்டும். டிக்கெட் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, உடன்பாட்டை மறைத்தால் அந்தக் கட்சிக்கு என் மூன்றாவது வாக்கு கிடையாது.

தனியாக நின்று ஜெயித்த சிறு கட்சியே இல்லையா?

உண்டு. ரோட்ரிக்ஸில் செர்ஜ் கிளேர் தொடங்கிய ஓபிஆர் தனித்து நின்று பல முறை வென்றிருக்கிறது. 2010இல் போர்ட் லூயியில் எஃப்எஸ்எம் கட்சியின் செல் மியா இரண்டு கூட்டணிகளையும் மீறி வந்தார். கவனித்துப் பாருங்கள், இருவருக்கும் ஓரிடத்தில் திரண்ட ஆதரவு இருந்தது. ஒருவருக்குத் தீவு, இன்னொருவருக்குத் தலைநகரின் ஒரு மூலையும் ஒரு சமூகமும். நடுப்பாதைக் கட்சிக்கு ஆதரவு இருபது தொகுதியிலும் மெல்லியதாகப் பரவியிருக்கும். அதனால்தான் நான் எல்லாத் தொகுதியிலும் நிற்காதீர்கள், மூன்று நான்கு தொகுதிகளை எடுத்துக்கொண்டு ஐந்து வருடம் அங்கேயே கிடங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1976 தேர்தலையும் சொல்ல வேண்டும். பெஸ்ட் லூசர் இடங்களையும் சேர்த்து எம்எம்எம் 34, தொழிற்கட்சி அணி 28, பிஎம்எஸ்டி 8. எட்டே பேர் வைத்திருந்த கட்சி ஆட்சி யாருக்கு என்று தீர்மானித்தது. பிஎம்எஸ்டி சிறு கட்சி அல்லவே என்று கேட்கலாம்; 1967இல் நேரடியாகவே 23 இடம் பிடித்த கட்சி அது. ஆனால் அன்றைக்கு அது மூன்றாவது இடத்தில்தான் இருந்தது.

பணத்துக்கு என்ன செய்கிறார்கள்?

சட்டப்படி கட்சி வேட்பாளர் ஒருவர் 1,50,000 ரூபாய் வரையும் சுயேச்சை 2,50,000 ரூபாய் வரையும் செலவு செய்யலாம். தெரு முழுக்கக் கொடி, மேடை, பஸ், பிரியாணி என்று நடக்கும் பிரசாரத்தைப் பார்த்தவர் எவரும் அந்த வரம்பை நம்ப மாட்டார். அரசியல் கட்சி நிதிக்கான மசோதா 2019இல் வந்து, தேவையான நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மை இல்லாமல் விழுந்தது. கணக்கைத் தானே முன்வந்து வெளியிடுகிற சிறு கட்சிக்கு நன்கொடை கொடுங்கள். நூறு ரூபாயானாலும் ரசீது கேளுங்கள்.

தமிழ்நாட்டில் மூன்றாவது கட்சிகளுக்கு நடந்ததுதான் இங்கும் நடக்கிறதா?

பாதி ஒற்றுமை. விஜயகாந்தின் தேமுதிக 2006இல் தனித்து நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியது. 234இல் கிடைத்தது ஒரே இடம், விருத்தாசலம். 2011இல் அதிமுகவோடு சேர்ந்ததும் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016இல் ஒன்றும் இல்லை. கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் 2018இல் தொடங்கி, 2021இல் தனி அணியாக நின்று, கோவை தெற்கில் அவரே குறைந்த வித்தியாசத்தில் தோற்று, பிறகு திமுக அணிக்குப் போனது. தனியாக நின்றால் வாக்கு உண்டு, இடம் இல்லை. கூட்டணியில் இடம் உண்டு, தனி முகம் இல்லை. இதே கதைதான் இங்கும்.

வேற்றுமை என்னவென்றால், தமிழ்நாட்டு வாக்காளரிடம் இருப்பது ஒரே வாக்கு. அதைச் சிறு கட்சிக்குக் கொடுத்தால் ஆட்சியைத் தீர்மானிக்க அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. நம் கையில் மூன்று இருக்கிறது.

தேர்தல் முறையை மாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே?

தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான குழு 2002இலேயே வழி சொல்லிவிட்டது. 62 இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, 30 இடங்களை விகிதாசார முறையில் சேர்க்கலாம். 10 சதவீதம் வாங்கிய கட்சிகளுக்கு அதில் பங்கு. அந்தப் பத்து சதவீத வாசல் சிறு கட்சிகளுக்கு உயரம்தான். ஐந்து என்றால் நியாயமாக இருக்கும். ஆனாலும் அதையாவது செய்திருந்தால் அறுபதுக்கு பூஜ்யம் என்ற முடிவு திரும்ப வந்திருக்காது.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோருக்கும் சீர்திருத்தம் வேண்டும். ஆட்சிக்கு வந்ததும், தங்களை ஜெயிக்க வைத்த முறையில் கைவைக்க மனம் வருவதில்லை. இத்தனைக்கும் ரோட்ரிக்ஸ் பிராந்திய சபையில் நேரடித் தேர்தலோடு விகிதாசாரமும் கலந்த முறை 2002இலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டுக்குள்ளேயே, நம் அதிகாரிகளே நடத்துகிறார்கள். பிரதான தீவுக்கு மட்டும் அது சிக்கலான முறை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

நகராட்சித் தேர்தலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015க்குப் பிறகு தள்ளித் தள்ளி 2025 மே மாதம்தான் நடந்தது. சிறு கட்சிக்காரர் மக்களிடம் பேர் வாங்கிப் பழகுகிற இடமே உள்ளாட்சிதான். குப்பை லாரி, கால்வாய், தெருவிளக்கு என்று வேலை செய்து காட்ட வாய்ப்பே கொடுக்காமல் பத்து வருடம் ஓட்டிவிட்டு, இவர்களுக்கு அனுபவம் இல்லை என்று சொல்வது அநியாயம்.

எங்கள் தொகுதியில் பத்துச் சிறு கட்சிகள் நிற்கின்றன. எதை நம்புவது?

வேட்பாளரை நேரில் பிடித்துக் கேளுங்கள். தேர்தல் இல்லாத காலத்தில் இந்தத் தொகுதியில் என்ன செய்தீர்கள்? போன தேர்தலில் எந்தச் சின்னத்தில் நின்றீர்கள்? கட்சித் தலைவரை யார், எப்போது தேர்ந்தெடுத்தார்கள்? பெரிய கட்சியில் டிக்கெட் கிடைக்காத கோபத்தில் வந்தவர் இரண்டாவது கேள்வியில் தடுமாறுவார். தமிழ்ப் பெயர் என்பதற்காக மட்டும் போடாதீர்கள்.

நான் இந்தியக் குடிமகன், இங்கே வேலை செய்கிறேன். வாக்களிக்க முடியுமா?

அரசியலமைப்பின் 42ஆம் பிரிவின்படி, 18 வயது நிறைந்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், பதிவுக்கு முன் தொடர்ந்து இரண்டு வருடம் இங்கே வசித்திருந்தால் வாக்காளராகப் பதிவு செய்யலாம். இந்தியாவும் இலங்கையும் அதில் அடங்கும். சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சு இருப்பதால், பதிவு நடக்கும் காலத்தில் தேர்தல் ஆணையர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், வெளிநாட்டில் வாழும் மொரிஷியர்கள் அங்கிருந்தபடி வாக்களிக்க வசதி இல்லை; பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இது பெரிய குறை.

நானே நிற்க வேண்டுமானால்?

வயது 18, மொத்தம் இரண்டு வருட வாசம், அதில் மனுவுக்கு முந்தைய ஆறு மாதம் தொடர்ச்சியாக, சபை நடவடிக்கையில் கலந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வைப்புத்தொகை பெரிதல்ல. கட்சியின் பெயரையும் சின்னத்தையும் மனு நாளுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். கடைசி நாளில் ஓடினால் நீங்கள் கேட்ட சின்னம் வேறொருவர் கையில் இருக்கும். மனுவில் சமூகம் என்ன என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதைக் குடும்பத்தோடும் வக்கீலோடும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஏஜெண்டுகளாக உட்கார ஆள் சேர்ப்பதை இன்றைக்கே தொடங்குங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் ஆள் வேண்டும். எண்ணும் நாளில் முழு நாளும் உட்காரக்கூடியவராக இருக்க வேண்டும்.